கதவுக்கு இந்தப் பக்கம் பத்தொன்பதாம் நாள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

படுக்கையறைக்குள்ளிருந்து மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் புதுப் பறவையும் நலம். ஹாலில் உங்கள் மாமியாரும் பழைய பறவையும் நலமா என்பதை நேரில் பார்த்துச் சொல்லும் நிலையில் நான் இல்லாததால், அதை நீங்களே போன் போட்டுத் தெரிந்துகொள்ளவும். உங்கள் நலத்தையும் என் மகளின் நலத்தையும் எப்போதும் போல விரும்புகிறேன். விருப்பம் இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கால்நடை மருத்துவர், படித்தவர். உங்கள் மேல் எனக்குள்ள மரியாதையில் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. ஆனால் மாப்பிள்ளை, நூல் ஆலையில் இருபத்தாறு வருஷம் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவன் நான். கதவை அடைத்து என்னை வெளியே நிறுத்திய நிர்வாகங்களைப் பார்த்திருக்கிறேன். கதவை அடைத்து உள்ளே வைத்த நிர்வாகத்தை இப்போதுதான் பார்க்கிறேன். இதை எழுத்து மூலமாகத் தெரிவிப்பதற்குக் காரணம், வாயால் சொன்ன எதையும் எந்த நிர்வாகமும் ஞாபகம் வைத்துக்கொண்டது கிடையாது. போனும் உங்க மாமியார் கையிலதான் இருக்கு.

உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, ஆனாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். ஹாலில் இருக்கும் பச்சை நிற லவ் பேர்ட் என் மகள் வளர்த்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குச்சியில் மேலும் கீழும் நடப்பதும், ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் பார்த்துக் கத்துவதுமாக இருந்ததால் ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்தது நான். போன வருஷம் கல்யாணம் முடிந்து அவள் உங்கள் வீட்டுக்கு வந்தாள். அன்றையிலிருந்து மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. நானும்தான் கொஞ்சம் சத்தம் குறைஞ்சு போனேன், அது வேற விஷயம், அதுக்காக யாரும் எனக்கு ஜோடி தேட வேண்டியதில்லை. ஆனா அவனுக்கு ஒரு துணை வேணுமேன்னு பறவைக் கடைக்குப் போய் நீல நிறத்துல ஒருத்தியை வாங்கி, அட்டைப் பெட்டியில வெச்சு, பஸ்ஸில மடியில வெச்சுக்கிட்டு வந்தேன். வேலை இன்னும் நிரந்தரம் ஆகாததால் பெயர் ‘டெம்பரவரி’. வழியெல்லாம் பாவம் நடுங்கிக்கிட்டே வந்துச்சு. வீட்டு வாசல்ல பெட்டியைத் திறந்து, பயப்படாதேடா கண்ணுன்னு தலையில ஒரு முத்தம் கொடுத்தேன். அதை மேலே பால்கனியிலிருந்து உங்க மாமியார் பார்த்துட்டா. அவ்வளவுதான், தொலைஞ்சேன்.

நான் மாடிப்படி ஏறி முடிக்கும் முன்னே உங்களுக்குப் போன் போய்விட்டது. நீங்களும் இரண்டே நிமிஷத்தில் தீர்ப்பைச் சொல்லி வைத்துவிட்டீர்கள். புதுப் பறவைக்கு முப்பது நாள் தனி அறை, தனிக் கிண்ணம், தனித் துடைப்பம். முதலில் பழசைக் கவனிக்கணும், அப்புறம்தான் புதுசு. புதுசைத் தொட்டவர்கள் கை கழுவாமல், உடை மாற்றாமல் பழசுகிட்டப் போகக் கூடாது. எல்லாவற்றையும் அவள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டாள். நான் கை கழுவினேன், சட்டையும் மாற்றினேன். அவள் கேட்கிறாள், “கையக் கழுவிட்டீங்க, சட்டைய மாத்திட்டீங்க. முத்தம் கொடுத்த மூஞ்சிய எங்க கொண்டு போய் மாத்துவீங்க?” இதற்கு உங்கள் புத்தகத்தில் பதில் உண்டா? வீட்டில் இருப்பதே ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும். ஆகவே டெம்பரவரியோடு சேர்த்து என்னையும் உள்ளே தள்ளிவிட்டாள். எதைக் கேட்டாலும் “மாப்பிள்ளை சொல்லிட்டார்.” முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், நான் சொன்னது எதையாவது அவள் காலண்டர் தாளில் எழுதி ஒட்டியிருப்பாளா?

அறையோடு சேர்ந்த குளியலறை இருக்கிறது, அந்த மட்டும் தப்பித்தேன். வெளியே போவதென்றால் மட்டும் ஹாலைத் தாண்டியாக வேண்டும். அதற்கு மழைக்கோட்டு, ஹெல்மெட், வாயைச் சுற்றி ஒரு துண்டு. மூன்றாம் நாள் அந்தக் கோலத்தில் நான் வெளியே வந்ததைப் பார்த்து மேனேஜர் குச்சியிலிருந்து தண்ணிக் கிண்ணத்துக்குள்ளேயே விழுந்துட்டான். கீழ் வீட்டுக்காரர் வானத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், “மழை வரும்னு சொன்னாங்களா சார்?”னு கேட்கிறார். இது போதாதென்று தினமும் காலையில் புதுசின் எச்சத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். கதவிடுக்கு வழியாகத் தாளை நான் வெளியே தள்ள, அவள் படம் எடுத்து அனுப்புகிறாள். ஏழாம் நாள் அதை உங்களுக்கு அனுப்பாமல் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டாள். உங்கள் அப்பா, என் மதிப்பிற்குரிய சம்பந்தி, அதற்கு இரண்டு கை கூப்பி “இனிய காலை வணக்கம்” என்று பதில் போட்டிருக்கிறார். இந்த வயசில் எனக்கு இது தேவையா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் மாப்பிள்ளை. மேனேஜரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. டெம்பரவரி இந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கொடுத்தால் அவன் அந்தப் பக்கம் கூண்டுக் கம்பியில் அலகை வைத்து டர்ர் டர்ரென்று தேய்க்கிறான். விட்டால் நாளெல்லாம் தேய்க்கிறான், காலால் முகத்தைச் சொறிந்துகொள்கிறான், சரியாகச் சாப்பிடுவதும் இல்லையாம். நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கம்பியைத் தட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். லாக்கப்பில் நாங்கள் தட்டுச் சோற்றை ஒதுக்கிவிட்டுக் கம்பியைத் தட்டியது எதற்கு? அவன் உண்ணாவிரதம் இருக்கிறான் மாப்பிள்ளை. நியாயம் கேட்கிறான். போன வாரம் உங்கள் மாமியார் போனைக் கதவருகே பிடிக்க, இதைச் சொன்னதற்கு நீங்கள், “எதுக்கும் பழசையும் ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்க மாமா” என்றீர்கள். அதைக் கேட்டு என் மனசே விட்டுப்போச்சு. நேத்து வந்ததைச் சோதிக்கணும்னா சோதிங்க. ஆறு வருஷமா என் வீட்டுல, என் மக கையால சாப்பிட்டு வளர்ந்தவனையா சந்தேகப்படுறீங்க? அவனுக்கு ஒரு வியாதியும் இல்லை. அவனுக்கு இருக்கிறது ஏக்கம். அவளைக் கூட்டிக்கிட்டுப் போனது நீங்க. இப்ப வந்த துணையையும் முப்பது நாள் பார்க்கக் கூடாதுங்கிறதும் நீங்க. ஏக்கத்துலயே அவன் செத்துப்போனா என் மகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?

ஆகவே இதையே நோட்டீஸாக எடுத்துக்கொள்ளவும். இன்று பத்தொன்பதாம் நாள். சரியாக ஐந்து மணிக்கு, மழைக்கோட்டு இல்லாமல், ஹெல்மெட் இல்லாமல், டெம்பரவரியின் கூண்டைக் கையில் தூக்கிக்கொண்டு நான் ஹாலுக்குள் நுழைகிறேன். இரண்டு கூண்டையும் ஒட்டி வைத்துக் கதவைத் திறந்துவிடப் போகிறேன். உங்கள் மாமியார் குறுக்கே படுத்தாலும் சரி, நீங்களே வந்து நின்றாலும் சரி, தாண்டிப் போவேன். பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

நீங்களும் என் மகளும் ஒரே அறையில், ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டு, நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் வாழ ஆசீர்வதிக்கிறேன். சம்பந்திக்கு என் காலை வணக்கம்.

இப்படிக்கு,
எதற்கும் பணியாத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம். படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடவும். சொன்னபடி ஐந்து மணிக்கு வெளியே போனேன். உங்க மாமியார் காய் நறுக்கிக்கிட்டு இருந்தவ, அரிவாள்மனையோட எழுந்துட்டா. மேனேஜர் ஓடி வந்து கம்பியில ஒட்டிக்கிட்டான். பத்தொன்பது நாள் கழிச்சு இப்பதான் ஹெல்மெட் கண்ணாடி இல்லாம, என் சொந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவன் முகத்தைக் கிட்டப் பார்த்தேன் மாப்பிள்ளை. அலகைச் சுத்திச் சுண்ணாம்பு அப்பின மாதிரி வெள்ளை வெள்ளையா, சின்னச் சின்ன ஓட்டையோட பொருக்கு. கால் விரல்லயும் அதே. உங்க மாமியார் தினை உமி ஒட்டியிருக்குன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தாளாம். புதுசின் எச்சத்தைத்தான் எல்லாரும் பார்த்தோம், பழசின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. உங்கள் மாமியார் ஸ்பீக்கரில் போட்ட போனில் உங்களிடம் சொன்னதும் நீங்கள் “முகச் சொறி மாமா, கண்ணுக்குத் தெரியாத பூச்சி, மருந்து போட்டா சரியாயிடும், நல்லவேளை புதுசைத் தனியா வெச்சிருந்தீங்க” என்றீர்கள். அவன் நியாயம் கேக்கல மாப்பிள்ளை, அரிக்குதுன்னு சொல்லியிருக்கான். எனக்குத்தான் புரியல.

டெம்பரவரியின் கூண்டு அவன்கிட்ட மூணு அடிக்குள்ள போகல, சத்தியம். அப்படியே திரும்பி ஓடிவந்து கதவைச் சாத்தி, இந்தத் தடவை உள்தாழ்ப்பாளை நானே போட்டுக்கொண்டேன். உங்க மாமியார் பயந்துபோய், வெளியே வாங்க வெளியே வாங்கன்னு தட்டிக்கிட்டு இருக்கா. இன்றிலிருந்து புதுக் கணக்கு. முப்பது நாள் என்று நீங்கள் சலுகை காட்டினாலும் நான் ஏற்க மாட்டேன். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு நாள் குறைந்தாலும் இந்தக் கதவு திறக்காது. மருந்தோடு நாளைக்கே வாங்க. என் மகளையும் கூட்டிக்கிட்டு வாங்க, அவ குரலை நேர்ல கேட்டு அவனுக்கு ஒரு வருஷம் ஆச்சு, எனக்கும்தான். ரெண்டு பேரும் ஹாலிலேயே உட்காருங்க. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்கிறேன்.