ரீசெக் அண்ணனும் ஒரு ட்ரவுட் மீனும்

ஓசூரில் கவலைப்படுவதற்கென்று ஒரு கம்பெனி திறந்தால், ரீசெக் அண்ணனைத்தான் அதற்கு எம்.டி.யாகப் போட வேண்டும். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார். இழுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து மறுபடி இழுப்பார். தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதகர். எதையும் மூன்று தரம் அளந்து சராசரி எடுக்காமல் விட மாட்டார் என்பதால் அங்கே வைத்த பெயர்தான் ரீசெக். பேரிகை ரோட்டில் அவரும் நானும் ஒரே அறையில் குடியிருந்தோம். நான் ஊருக்குக் கிளம்பினால் போதும், தர்மபுரி தாண்டுவதற்குள் போன் வந்துவிடும். "சேர்ந்துட்டியா?" பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருப்பவன் எங்கே சேர்வது? எரிச்சலாக வரும். பாதி நாள் எடுக்கவே மாட்டேன்.

இந்த மனுஷனுக்கு வந்த ஆசையைப் பாருங்கள். கம்பெனி டூரில் நீலகிரி போனபோது, ஓர் ஓடையில் யாரோ மெல்லிய தூண்டில் கழியை வீசி ட்ரவுட் மீன் பிடித்ததைப் பார்த்திருக்கிறார். பிடித்துக்கொண்டது பைத்தியம். ட்ரவுட் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் வாழ்கிற மீன். அவர் பார்த்த வித்தையில் மண்புழுவுக்கு வேலையில்லை. தூண்டில் முள்ளில் பட்டு நூலும் சேவல் இறகும் சுற்றி, தண்ணீருக்குள் மூழ்கிப்போகிற பூச்சி மாதிரி ஒரு பொய் ஈ கட்ட வேண்டும். அந்த ஈயைப் பார்த்து மீன் ஏமாற வேண்டும்.

பட்டு நூல் எங்கள் பக்கத்தில் கஷ்டமில்லை. இறகுக்குத்தான் பேரிகை சந்தைக் கோழிக்கடை பாயிடம் போய் நின்றோம். கறி வேண்டாம், சேவலின் கழுத்து இறகு மட்டும் போதும், அதுவும் செவலைச் சேவலாக இருக்கட்டும் என்றார் அண்ணன். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏன்ணா, இவுரு யாருக்காச்சும் செய்வினை ஏதாச்சும் வெக்கறாரா? வூட்ல எல்லாரும் நல்லாத்தான கீறாங்க?"

ஈ தயாரானதும் தரச் சோதனை. முள்ளை இழுத்துப் பார்த்து, ஊறவைத்துப் பார்த்து, கட்டியதில் முக்கால்வாசியைத் தானே ரிஜெக்ட் செய்தார். தேறியதை எடுத்துக்கொண்டு கெலவரப்பள்ளி அணைக்குப் போவோம். அங்கே ட்ரவுட் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். வீசிப் பழகத்தான். தண்ணீரில் கழிவு நுரை குவிந்து கிடக்கும், இவர் கழியைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் ஆட்டி நுரைக்குள் ஈயை இறக்குவார். ஆடு மேய்ப்பவர்கள் நின்று பார்த்துவிட்டுத் தெலுங்கில் சிரித்துக்கொண்டு போவார்கள். எனக்கு மானம் போகும். முள் என் காதில் மாட்டிவிடுமோ என்ற பயம் வேறு.

ஒருவழியாக நீலகிரியில் ஒரு நாள் பிடிக்க அனுமதி கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மீன் மாட்டாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கவலை. மாட்டிவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய கவலை. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஓடைக்காவலர் ஒரு குச்சியைக் கொடுத்து, இதைவிடக் குட்டையான மீன் மாட்டினால் உயிரோடு தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மதியம் வரை ஒன்றும் இல்லை. பிறகு சட்டென்று கழி வளைந்தது. நூலோ முடி மாதிரி மெல்லிசு. இழுத்தால் அறுந்துவிடும், விட்டால் போய்விடும். எப்படியோ வலையில் ஏந்திவிட்டார். உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக, அவ்வளவு அழகான மீனை நான் பார்த்ததில்லை.

குச்சியோடு வைத்துப் பார்த்தால் சரிக்குச் சரியாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். அண்ணன் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்தார். குச்சியை மூன்று தரம், மீனை மூன்று தரம். துள்ளுகிற மீன் எப்படி ஒரே அளவு காட்டும்?

"அண்ணே, போதும்ணே, விட்டுருங்க."

"இருப்பா. ரெண்டாவது ரீடிங் ஒத்து வரல."

மூன்றாவது ரீடிங் சுத்தமாக வந்தது. ஏனென்றால் மீன் துள்ளவில்லை.

வெர்னியர் அவர் கையிலிருந்து நழுவிப் பாறையில் விழுந்தது. அப்படியே பேன்ட்டோடு ஓடையில் இறங்கி மண்டியிட்டார். மீனின் வாய் நீரோட்டத்தைப் பார்க்கும்படி இரண்டு கைகளிலும் தாங்கிப் பிடித்தார். கையை எடுத்தால் அது ஒருக்களித்துச் சாய்ந்தது. மறுபடி நிமிர்த்திப் பிடித்தார். குளிரில் அவர் உதடு வெளுத்துவிட்டது.

"எந்திரிடா கண்ணு. தப்பு எம்மேலதான்டா. எந்திரி."

நானும் எப்போது தண்ணீரில் இறங்கினேன் என்று தெரியவில்லை. சாகக்கூடாது, சாகக்கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மீன் செத்தால் இவர் இனி தூங்கவே மாட்டார் என்பது எனக்குத் தெரியும். ரொம்ப நேரம் கழித்துச் செவுள் லேசாகத் திறந்து மூடியது. வால் ஒருமுறை அசைந்தது. பிறகு அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து நழுவி, பாறை நிழலுக்குள் போய் மறைந்தது.

அனுமதி மாலை வரை இருந்தது. அண்ணன் கழியை மடித்துவிட்டார். பஸ் ஏறினோம். மேட்டுப்பாளையம் இறங்கியதும் மெதுவாகக் கேட்டார்.

"அது எடத்துக்குப் போயி சேர்ந்திருக்குமா?"

சிரிக்க நினைத்தேன், முடியவில்லை. சேர்ந்திருக்கும் என்றேன். சேலத்தில் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

இப்போது எனக்கு வேறு ஊரில் வேலை. எங்கே போய் இறங்கினாலும், அவர் கூப்பிடுவதற்கு முன்னால் நானே கூப்பிட்டு, "சேர்ந்துட்டன்ணே" என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் தோளிலிருந்து பையை இறக்குகிறேன்.