பதினைந்து சென்ட் பாட்டிலும் ஒரு 'மிகச் சிறப்பான' சேவையும்

மனித நாகரிகம் இதுவரை எட்டிய சிகரம் எது என்று என்னைக் கேட்டால், தேவாலயக் கோபுரங்களையோ நிலாவுக்குப் போன ராக்கெட்டையோ சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் ஆல்டென்ஃபெல்ஸ் கார் கம்பெனி நடத்தும் சர்வீஸ் மாளிகையைத்தான் சொல்வேன். அங்கே யாரும் காரை ரிப்பேர் செய்வதில்லை, 'நலம் பேணுகிறார்கள்'. அங்கே பில் என்ற கொச்சையான வஸ்து கிடையாது. 'முதலீட்டுச் சுருக்கம்' உண்டு. வருகிறவர் வாடிக்கையாளர் அல்லர், 'விருந்தினர்'. விருந்தினரிடம் இவ்வளவு பணம் வாங்கும் பண்பாடு வேறு எந்த நாட்டுக்கும் வாய்த்ததில்லை.

நாங்கள் ஸ்வேபியர்கள், ஜெர்மனியின் தென்மேற்கு மூலைக்காரர்கள். மற்ற ஜெர்மானியர்கள் எங்களைக் கஞ்சர்கள் என்பது அபாண்டம். கையில் இருப்பதைக் கையிலேயே வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். பாராட்டையும் அப்படியே. 'திட்டவில்லையா, அதுவே பாராட்டு' என்பது எங்கள் ஊர் வேதவாக்கு. மிஞ்சிப் போனால் 'குறை சொல்ல முடியாது' என்போம். அதையும் பெரும்பாலும் அடக்கம் முடிந்து திரும்பும்போது, சம்பந்தப்பட்டவர் காதில் விழாது என்று உறுதியான பிறகு சொல்வோம்.

இந்த வேதத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர் ஓய்கன் நேகலே. நகராட்சியில் கட்டட அனுமதிப் பிரிவில் இருந்தவர். முதல் விண்ணப்பத்தில் எவருக்கும் அனுமதி கொடுத்ததில்லை என்பது அவர் ஓய்வு பெற்ற நாளில் மேயரே மேடையில் சொன்னது. ஓய்வுப் பணத்தில் ஒரு ஆல்டென்ஃபெல்ஸ் வாங்கினார். பழையதுதான், பாதி விலைதான் என்று தெருவில் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லி முடித்தார். யானையைப் பாதி விலைக்கு வாங்கினாலும் அது முழு வயிற்றுக்குத்தான் தின்னும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் மனைவி ரோஸ்விதா கையால் செய்யும் ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸ் அந்த வட்டாரத்தில் பிரசித்தம். முட்டை அடித்த மாவைப் பலகையில் தடவி, கத்தியால் மெல்லிய இழைகளாகச் சீவிக் கொதிநீரில் தள்ள வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். வசந்த காலத்தில் ஒரு ஞாயிறன்று, ஓய்கன் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்ததும் அவள் கேட்டாள்.

"இத்தனை வருஷமா சீவிப் போடுறேன். ஒரே ஒரு நாள் நல்லா இருக்குன்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"தட்டு காலியா இருக்கே, தெரியல?"

"நாயும்தான் தட்டைக் காலி பண்ணும். அதுவாவது வாலை ஆட்டும்."

அன்றோடு பலகை பரண் ஏறியது. மறுநாள் முதல் கடையில் வாங்கிய பாக்கெட் ஸ்பெட்ஸ்லே. "ஒரு நல்ல வார்த்தை வர்ற வரைக்கும் இதுதான்" என்றாள். ரப்பரை மெல்லுவது போல மாதக்கணக்கில் மென்றார் ஓய்கன். நாற்பதாவது திருமண நாள் வேறு நெருங்கியது. அன்றைக்காவது பலகை இறங்குமா என்பது ஒன்றே அவர் கவலை. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் ஓசியில் கிடைக்கும் சாப்பாட்டை எப்படிப் புகழ்வது என்று அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

இந்த நிலையில்தான் மலைப்பக்கம் நடைப்பயிற்சிக்குப் போனார்கள். கார் நிறுத்துமிடத்தில் யாரோ குடித்துப் போட்ட மினரல் வாட்டர் கண்ணாடிப் பாட்டில் ஒன்று கிடந்தது. கடையில் திருப்பிக் கொடுத்தால் பதினைந்து சென்ட் டெபாசிட் கிடைக்கும். ஓய்கன் குனிந்தார்.

"எவன் வாய் வெச்ச பாட்டிலோ. கீழ போடு, ஓய்கன்."

"பதினஞ்சு சென்ட்டு."

"இவ்வளவு பெரிய கார்ல பதினஞ்சு சென்ட்டை ஏத்திட்டுப் போகப் போறியா?"

"இப்படிப் பதினஞ்சு பதினஞ்சாச் சேர்த்துதான் கார் வந்துச்சு."

"அது இந்தக் காருக்குள்ள வந்தா நான் வர மாட்டேன்."

"சரி, சரி. போட்டாச்சு" என்றார் ஓய்கன். அவள் இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கி, அடியில் இருந்த பள்ளத்தில் பாட்டிலைப் படுக்க வைத்து மூடினார். பத்திரப்படுத்திய மறுகணம் மறந்துவிடுவது எங்கள் ஜனங்களின் தனிச்சிறப்பு. எங்கள் சேமிப்பில் பாதி அப்படித்தான் பத்திரமாக இருக்கிறது.

மறுநாள் இடதுபக்கம் திரும்பும்போது காரில் 'டொக்' என்றது. வலதுபக்கம் திரும்பினாலும் 'டொக்'. ஓய்கன் நேராகச் சர்வீஸ் மாளிகைக்குப் போனார்.

அங்கே அவருக்கென்று ஒரு 'அனுபவத் தோழர்' நியமிக்கப்பட்டிருந்தார். பெயர் ப்ரூன்ஸ். ஹாம்பர்க்காரர், எனவே வழுக்கிக்கொண்டு பேசுவார். வெள்ளைக் கையுறையோடு ஓய்கனின் கையைப் பற்றிக்கொண்டார்.

"வாங்க ஹெர் நேகலே. வண்டிக்கு மனசு சரியில்லையா?"

"டொக்குன்னு ஒரு சத்தம்."

ப்ரூன்ஸ் துக்கம் விசாரிக்கிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். "எந்த மாதிரி டொக்?"

"சாதா டொக்குதான்."

"எங்க கார்ல சாதா எதுவும் கிடையாது, ஹெர் நேகலே. ஒலி ஆய்வுக்குழுகிட்ட ஒப்படைச்சுடுவோம். நீங்க ஒரு காப்பி சாப்பிடுங்க. எங்க உபசரிப்பு."

உபசரிப்பு என்று காதில் விழுந்ததும் ஓய்கன் மூன்று கோப்பை குடித்தார். பழக்கமில்லாததால் நெஞ்சு படபடத்தது. ஆனாலும் ஓசிக் காப்பியை விட்டுவிட்டு வந்தார் என்ற பழிச்சொல் குடும்பத்துக்கு வரவில்லை.

சில நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். கார் மின்னியது. ப்ரூன்ஸ் அவரைத் தனி அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். மேசையில் கறுப்பு வெல்வெட் பெட்டி ஒன்றை வைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"டொக்கைக் கண்டுபிடிச்சுட்டோம்."

பெட்டிக்குள் பாட்டில். கழுவி, துடைத்து, பட்டுத்துணியில் கிடத்தியிருந்தார்கள். ஓய்கனுக்குக் காது மடல் சிவந்தது.

"இது எப்படி இங்க..." என்றார்.

"வெளிப்பொருள்னு குறிச்சிருக்கோம். அதுக்கு மேல ஒரு வார்த்தை எழுதல. விவேகம் எங்க சேவையில அடக்கம்."

அடக்கம் என்றால் இலவசம் இல்லை என்பது முதலீட்டுச் சுருக்கத்தைப் பார்த்ததும் புரிந்தது. ஒலி மூலம் கண்டறிதல், ஒலி மூலம் அகற்றல், அமைதிச் சான்று, விருந்தோம்பல், விவேகம். மொத்தம் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு யூரோ. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இங்கே சுமைகூலிக்குச் சுண்டைக்காய்த் தோட்டத்தையே வாங்கியிருக்கலாம்.

"இது ரொம்ப..." என்று ஆரம்பித்தார் ஓய்கன்.

"ரொம்ப நியாயம்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார் ப்ரூன்ஸ். "ஒரு சின்ன உதவி. வியாழக்கிழமை தலைமையகத்துல இருந்து ஒரு அம்மா போன்ல கருத்துக் கேப்பாங்க. 'மிகச் சிறப்பு'ன்னு சொல்லணும். அதுக்குக் கீழ எது சொன்னாலும் எனக்குச் சீட்டுக் கிழிஞ்சுடும்."

"எங்க ஊர்ல குறை சொல்ல முடியாதுன்னு சொன்னாலே..."

"தெரியும். அதைச் சொல்லித்தான் எனக்கு முன்னாடி இருந்தவருக்கு வேலை போச்சு. அப்புறம் இன்னொண்ணு. கொஞ்சம் குறைஞ்சாலும் காரணம் என்னன்னு விளக்கம் கேட்டு வீட்டுக்கே கடுதாசி வரும். பாட்டில் சமாச்சாரம் எல்லாம் விலாவாரியா எழுத வேண்டியதாப் போயிடும்."

அந்தக் கடுதாசியை முதலில் பிரிப்பவள் ரோஸ்விதா. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல ஓய்கன் வாயை மூடிக்கொண்டு கார்டை நீட்டினார். வெல்வெட் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் காலுறைகளுக்கு அடியில் வைத்தார். உடனே தூக்கி எறிந்திருக்கலாம். ஆனால் பதினைந்து சென்ட் இன்னும் உள்ளே இருந்தது.

நாற்பதாவது திருமண நாளும் அதே வியாழக்கிழமைதான் வந்தது. காலையில் சமையலறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சரக், சரக். ஓய்கன் எட்டிப் பார்த்தார். பலகை இறங்கியிருந்தது. ரோஸ்விதா தோளை ஆட்டி ஆட்டி மாவைச் சீவிக்கொண்டிருந்தாள். முகத்தில் பல வருஷமாகக் காணாத ஒரு வெட்கம்.

"என்ன திடீர்னு?" என்றார்.

"சும்மாதான். நீ வாயால சொல்ல மாட்டே, எனக்குத் தெரியாதா. ஏதோ உனக்குத் தெரிஞ்ச விதத்துல சொல்லப் போறே."

ஓய்கனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் ஸ்பெட்ஸ்லே வாசம் அடித்ததால் விசாரிக்கவில்லை. அப்போது கூடத்தில் தொலைபேசி மணி அடித்தது.

"ஆல்டென்ஃபெல்ஸ் தலைமையகம். உங்க வரவேற்பு அனுபவம் எப்படி இருந்துச்சு?"

"மிகச் சிறப்பு" என்று முணுமுணுத்தார் ஓய்கன், சமையலறைக் கதவைப் பார்த்தபடி.

"சத்தமா சொல்லுங்க. பதிவாகணும்."

"மிகச் சிறப்பு."

"காப்பி?"

"மிகச் சிறப்பு."

"எங்க ஆள் உங்ககிட்ட நடந்துக்கிட்ட விதம்?"

"மிகச் சிறப்பு."

"கொடுத்த காசுக்குத் தகுந்த சேவையா?"

ஓய்கன் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறை நினைத்தார். கடுதாசியை நினைத்தார். "மிகச் சிறப்பு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

சரக் சரக் நின்றுபோயிருந்தது. அவர் தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது ரோஸ்விதா கூடத்தில் நின்றாள். ஒரு கையில் மாவுக் கத்தி. இன்னொரு கையில் வெல்வெட் பெட்டி.

"துவைச்ச காலுறையை வைக்கப் போனப்ப பார்த்தேன்" என்றாள். "எனக்கு வாங்கின பரிசுன்னு நினைச்சுத் திறக்காம வெச்சிருந்தேன். நீ போன்ல யாரையோ அப்படிப் புகழ்றதைக் கேட்டதும் திறந்துட்டேன்."

ஓய்கன் எல்லாவற்றையும் சொன்னார். மறைத்தது, டொக், ப்ரூன்ஸ், ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. அவள் உள்ளே போய், சீவிய வரைக்கும் இருந்த ஸ்பெட்ஸ்லேயை வடித்து, பருப்புக் குழம்பும் சாசேஜும் சேர்த்து அவர் முன்னால் வைத்தாள்.

ஓய்கன் சாப்பிட்டார். அப்படி ஒரு ருசி. கண் கலங்கியது. அந்த வார்த்தை நெஞ்சிலிருந்து தொண்டை வரைக்கும் ஏறி வந்தது. காலையில் அத்தனை முறை சொல்லிப் பழகிய அதே வார்த்தைதான்.

"எப்படி இருக்கு?" என்றாள் ரோஸ்விதா.

"குறை சொல்ல முடியாது" என்றார் ஓய்கன்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. விலை தெரியாத பண்டத்தைப் புகழ எங்கள் ஆட்களுக்கு நாக்கு எழாது. ரோஸ்விதாவுக்கு அது அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ஆல்டென்ஃபெல்ஸ் முதலீட்டுச் சுருக்கத்தைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் நிதானமாக எழுதினாள். கையால் சீவியது, நாற்பது வருஷம். தோள்வலி. விருந்தோம்பல். விவேகம். கீழே கோடு போட்டு ஒரு தொகையை எழுதி, தட்டுக்குப் பக்கத்தில் தள்ளினாள்.

ஓய்கன் படித்தார். தொகையைப் பார்த்ததும் முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"மிகச் சிறப்பு" என்றார், அவரையும் அறியாமல்.

ரோஸ்விதா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சத்தமா சொல்லு, ஓய்கன். பதிவாகணும்."