வேண்டாம் என்று சொன்ன வீடு

மதிப்பிற்குரிய மூத்த சகோதரி ஆர்லீன் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் அன்புத் தம்பி டுவேன், நியூ மெக்சிகோ மாநிலம் லாஸ் குரூசஸ் நகரத்தில் ஒரு மலிவு விடுதியின் ஏ.சி. பெட்டிக்கு நேர் கீழே அமர்ந்து பணிவுடன் எழுதிக்கொண்ட கடிதம். இவ்விடம் நானும் லவோனும் உடம்பளவில் சௌக்கியம். மனதைப் பற்றிக் கேட்க வேண்டாம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அவ்விடம் நம் பனி ஊரான டுலூத்தில் தாங்களும், தங்கள் முழங்காலும், தங்கள் தக்காளிச் செடிகளும் நலமாக இருக்க ஆண்டவன் அருள்வாராக.

நிற்க. நாங்கள் எதற்காகக் கிளம்பினோம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி, அந்த மேட்டுத் தெருக்களின் ஐஸில் ஒரு பிள்ளைக்கும் சிராய்ப்பு வராமல் இறக்கிவிட்ட நான், சொந்த வீட்டு வாசல் ஐஸில் பெண்டாட்டி லவோன் விழுவதைத் தடுக்க முடியாமல் நின்றேன். இடுப்பெலும்புக்கு ஆபரேஷன் செய்த டாக்டர், "இன்னொரு தடவை விழுந்தா எழுந்து நடக்கிறது கஷ்டம், அவங்க மூட்டுவலிக் கைக்கும் குளிர் ஆகாது, வறண்ட ஊரா பார்த்துப் போங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தக் கை படும் பாட்டைத் தாங்களும் பார்த்திருக்கிறீர்கள். காப்பிக் கோப்பையை ரெண்டு கையாலும் அணைத்துப் பிடித்துத்தான் குடிப்பாள், கோட்டுப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன், அதற்கும் "கழுத்தை நெரிக்கிறீங்க" என்பாள். ஆக, கையிலிருக்கிற பென்ஷனுக்குத் தோதாக ஒரு பாலைவன ஊர் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நீங்கள் என்ன யோசனை சொன்னீர்கள்? "டேய், பனிக்காலத்துல போய்ப் பார்க்காதே. அப்போ எல்லாப் பாலைவனமும் விருந்தாளி வர்றதுக்குத் துடைச்சு வச்ச வீடு மாதிரி அழகாத்தான் இருக்கும். ஜூலையில போ. ஜூலையில பிடிச்சா அது பிடிச்ச மாதிரி." நல்ல யோசனை அக்கா. என்னை வறுத்து எடுத்த யோசனை.

முதலில் ஃபீனிக்ஸ் பக்கம் போனோம். அங்கே வயசானவங்களுக்குன்னே மதில் கட்டி ஒரு குடியிருப்பு, வாசலில் நீரூற்று வேற. சுற்றிக் காட்ட வந்த ஆள் பல்லெல்லாம் வெள்ளையாக, "சார், கராஜ்ல என்னென்ன வைப்பீங்க?" என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "பனி தள்ளுற மெஷின்"னு சொன்னேன். அந்த மனுஷர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமான்னு யோசிக்கிற மாதிரி நின்னார். வாசலில் கொட்டுகிற சரளைக்கல் இன்ன நிறத்தில்தான் இருக்கணுமாம், பழைய வண்டி வெளியே நிற்கக் கூடாதாம், கொடி கட்டித் துணி காயப்போடக் கூடாதாம். லவோனுக்குக் கோபம் வந்துருச்சு. "ஏன் தம்பி, இவ்வளவு வெயிலை வாசல்ல கொட்டி வச்சுக்கிட்டு, துணியை உள்ளே கரண்ட்ல காயவைக்கணுமா? யாருடைய புத்தி இது?" அவர் விதிமுறை என்றார். இதுக்கெல்லாம் சேர்த்து மாசாமாசம் ஒரு கட்டணம் வேறே சொன்னார். அதைக் கேட்டதும் நான் நீரூற்றில் முகம் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தேன். முகம் கழுவவும் கூடாதுன்னு பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

அப்புறம் ஆற்றோரமாக ஒரு ஊர். மலிவு. அதை ஒத்துக்கணும். ஆனா வெயில் நூற்றுப் பதினேழு டிகிரி ஃபாரன்ஹீட். அந்த ஊர்க்காரங்க அடுப்புக் கையுறை மாட்டிக்கிட்டு ஸ்டியரிங் பிடிக்கிறாங்க அக்கா, என் கண்ணால பார்த்தேன். அங்கே ரெண்டு அவமானம். ஒண்ணு, நம்ம வீட்டுப் பழக்கம், ராத்திரி படுக்கிறப்போ குழாயைச் சொட்டச் சொட்டத் திறந்து வச்சுட்டேன். குழாய் உறைஞ்சு வெடிச்சுடக் கூடாதுன்னு கை தானா திருகுது, ஜூலைன்னு கைக்கு யார் சொல்றது? காலையில விடுதிக்காரம்மா வந்து, "தண்ணிக்கு நாங்க பக்கத்து மாநிலத்தோட வழக்கு நடத்துறோம், நீங்க இங்க சொட்டு விட்டுக்கிட்டு இருக்கீங்களா?"ன்னு பிடிச்ச பிடி இருக்கே! அடுத்தது அதைவிட மோசம். வீடு பார்க்கப் போகணும், லவோன் கிளம்பிக்கிட்டு இருக்கா. நான் என்ன பண்ணினேன், வழக்கம்போல முன்னாடியே போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டரைப் போட்டு, கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். வண்டி சூடாகட்டும்னு! கதவைத் திறந்ததும் லவோன் ரெண்டடி பின்னால போனா. "ஏங்க, என்னை இங்க குடியேத்தக் கூட்டிட்டு வந்தீங்களா, வேகவச்சு எடுக்கவா?" அன்னைக்கு முழுக்கப் பின் சீட்டுல உட்கார்ந்துதான் வந்தா. இந்த ஊர் வேண்டாம்னு அவ சொல்லவும் இல்ல, நானா புரிஞ்சுக்கிட்டேன்.

கடைசியாத்தான் இந்த லாஸ் குரூசஸ். இங்கேயும் வெயில்தான், இல்லேங்கல. ஆனா இது ஆளைக் கொல்ற வெயில் இல்ல, திட்டிட்டு விட்டுடுற வெயில். சாயங்காலமானா மலை மேல மேகம் கூடி ஒரு மழை அடிக்குது, மண்ணும் செடியும் சேர்ந்து ஒரு வாசனை வருது, லவோன் மூச்சை இழுத்து இழுத்து விட்டா. ஒரு தெருவுல மண்சுவர் வீடு, ஒரே தளம், வாசல்ல ஒரு படிகூட இல்ல, வேலியில "விற்பனைக்கு"ன்னு பலகை. பக்கத்து வீட்டு எலோய்சா பரேலாங்கிற அம்மாவோடது. அவங்க தம்பி இருந்த வீடு, அவர் போன வருஷம் தவறிட்டார். அந்தம்மாவுக்கு எழுபது வயசிருக்கும், பேச்சு கறாரு. உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சு, அடுப்புல இருந்து ஒரு தட்டு சோள ரொட்டி, மேல பாலாடைக்கட்டி உருகி ஓடுது, "சாப்பிடுறீங்களா? சிவப்பா, பச்சையா?"ன்னாங்க. சிவப்பு மிளகாய்ச் சாறா, பச்சையான்னு அர்த்தம். நான் காலையிலிருந்து பட்டினி. ஆனா நம்ம வளர்ப்பு எப்படின்னு உனக்குத் தெரியாதா அக்கா? முதல் தடவை கேட்டா "ஐயோ, வேண்டாங்க". ரெண்டாவது தடவை கேட்டா "உங்களுக்கெதுக்குச் சிரமம்". மூணாவது தடவை கேட்டாத்தான் "சரி, இவ்வளவு சொல்றீங்களேன்னு ஒரே ஒரு வாய்". அம்மா நம்மளைத் தலையில குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. நானும் "ஐயோ, வேண்டாங்க, வயிறு நிறைஞ்சிருக்கு"ன்னேன். அந்தம்மா "சரி"ன்னு தட்டை உள்ளே கொண்டுபோயிட்டாங்க! திரும்பி வரல! லவோன் என்ன பண்ணினா தெரியுமா? "எனக்குப் பச்சை"ன்னா. ஒரே தடவையில! கண்ணுல தண்ணி வழிய வழிய என் முன்னாடியே முழுத் தட்டையும் சாப்பிட்டா. நான் ஜன்னல் வழியா மலையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் தினமும் போனோம். போகப் போக ஒரு விஷயம் நடந்தது அக்கா. ஒரு நாள் நான் வீட்டுக் கூரையைச் சுத்திப் பார்த்துட்டு உள்ளே வர்றேன், லவோன் எலோய்சா அம்மா சமையல்கட்டுல நின்னுக்கிட்டு மாவைத் தேய்ச்சுக்கிட்டிருக்கா. அந்தக் கையால! ரொட்டி வட்டமா வரல, கோணல்மாணலாத்தான் வந்தது. எலோய்சா அம்மா, "இது ரொட்டியா, உங்க ஊர் வரைபடமா?"ன்னு கிண்டல் பண்றாங்க. அவ சிரிக்கிறா. அவ சிரிச்சு நான் பார்த்து எத்தனை நாளாச்சு! வாசல்லயே நின்னுட்டேன். கெஞ்சியாவது இந்த வீட்டை வாங்கிடணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

இப்ப நான் பண்ணின காரியத்தைக் கேளு. நேத்து எலோய்சா அம்மா எங்களை உட்கார வச்சு, "நிறையப் பேர் கேட்டாங்க. எனக்குப் பணம் பெருசில்ல, பக்கத்துல நல்ல மனுஷங்க இருக்கணும். உங்களுக்குன்னா இந்த விலைக்குத் தர்றேன், எடுத்துக்குங்க"ன்னு ஒரு விலை சொன்னாங்க. நம்ம சக்திக்குள்ள வர்ற விலை அக்கா. லவோன் மேசைக்கடியில என் காலை மிதிச்சா. மிதிச்சதுக்கு என்ன அர்த்தம், "சரின்னு சொல்லுங்க"ன்னு அர்த்தம். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனா இந்த வாய் இருக்கே! "ஐயோ, வேண்டாங்க! அவ்வளவு குறைச்சலா உங்ககிட்ட எப்படி வாங்கறது? வேற யாருக்காவது நல்ல விலைக்குக் குடுங்க"ன்னு சொல்லிட்டு, ரெண்டாவது தடவை கேட்பாங்கன்னு தலையைக் குனிஞ்சு, முகத்துல புன்னகையெல்லாம் தயாரா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா முகம் சுண்டிப்போச்சு. "சரி, உங்க இஷ்டம்"னு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டாங்க. தம்பி இருந்த வீடு எனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சுட்டாங்க போல. நான் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னேன். வேலியைப் பாராட்டினேன். மேகத்தைப் பத்திப் பேசினேன். மறுபடி கேட்கவே இல்ல. நானா போய் "வேணும்"னு எப்படிச் சொல்றது? வேண்டாம்னு சொன்ன வாயால வேணும்னு சொன்ன ஒரு ஆளை நம்ம வம்சத்துல காட்டு பார்ப்போம்.

இன்னைக்குக் காலையில வெட்கத்தை விட்டுட்டுப் போய்ப் பேசிடலாம்னு தெருமுனை வரைக்கும் போனேன். அந்த வீட்டு வாசல்ல ஒரு டிரக். ஒருத்தர் டேப்பை வச்சு ஜன்னலையெல்லாம் அளந்துக்கிட்டிருக்கார், எலோய்சா அம்மா பக்கத்துல நின்னு தலையாட்டுறாங்க. போச்சு. திரைச்சீலைக்கு அளவெடுக்கிற வரைக்கும் வந்துருச்சுன்னா வீடு கைமாறிடுச்சுன்னுதானே அர்த்தம்? அப்படியே திரும்பிட்டேன். லவோன்கிட்ட சொன்னேன். அவ திட்டுவான்னு பார்த்தேன் அக்கா, திட்டினா தேவலாம். "சரி விடுங்க, பெட்டியைக் கட்டுங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு ஜன்னலோரமா உட்கார்ந்துட்டா. நான் ஒரு மடையன், அக்கா. அவளுக்குத் திரும்பக் கிடைச்ச கையை நானே தட்டிவிட்டுட்டேன்.

ஆகவே வேண்டுகோள் என்னவென்றால், டுலூத்துல எங்க வீட்டை வித்தாச்சு, செப்டம்பர்ல சாவி கொடுத்தாகணும். வேற ஊர் தேட எனக்குத் தெம்பில்ல. நாங்க புறப்படறப்போ நீ மூணு தடவை "என் வீட்டுக் கீழறையில வந்து இருங்கடா"ன்னு கேட்டே, நான் மூணு தடவையும் வேண்டாம்னேன், மூணாவது தடவை சரின்னு சொல்றதுதான் முறை, அன்னைக்குத் திமிர் பிடிச்சுப்போய் முறையை மீறிட்டேன். இப்ப சரின்னு சொல்றேன். உன் வாசல்ல ஏழு படி இருக்கு, ஐஸ் பிடிச்சா அவ வெளியே இறங்க முடியாது, பனிக்காலம் முழுக்க உள்ளேயேதான் அடைஞ்சு கிடக்கணும். வேற வழியில்ல. கட்டிலை மட்டும் கணப்பு அடுப்புப் பக்கமா நகர்த்திப் போடச் சொல்லு. நாளைக்குக் கிளம்புறோம்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், நம் தேவாலயத்துக் காப்பிக் கூட்டத்தாருக்கு என் விசாரிப்பையும், நாங்கள் தோற்றுத் திரும்புகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லப்போகிற தபால்காரருக்கு என் ஆசியையும் தெரிவிக்கவும். ஆண்டவன் தங்களைப் படியில்லாத பாதையில் நடத்துவாராக.

இப்படிக்கு,
தங்கள் உதவாக்கரைத் தம்பி,
டுவேன் டோலஃப்சன்

பின்குறிப்பு: அண்ணி, இது லவோன். மேல எழுதியிருக்கிறதை எல்லாம் சிரிச்சுட்டு ஓரமா வைங்க. தபால்ல போடச் சொல்லி என்கிட்ட குடுத்துட்டு மனுஷன் மத்தியானத் தூக்கம் போட்டுட்டார். நான் தபால்பெட்டிக்குப் போகல, நேரா எலோய்சா வீட்டுக்குப் போயிட்டேன். "அவர் வேண்டாம்னு சொன்னா வேணும்னு அர்த்தம், எங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான், கல்யாணத்துக்கு இவர் மோதிரத்தை நீட்டினப்போ நானும் ரெண்டு தடவை வேண்டாம்னுதான் சொன்னேன்"னேன். எலோய்சா சுவரைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. "அதான் பார்த்தேன், வேண்டாம்னு சொன்ன ஆளு ஏன் போகாம என் வேலியைப் பாராட்டிக்கிட்டே நிக்கிறாருன்னு"ன்னாங்க. டிரக்குக்காரர் பழைய ஏர் கூலரை மாத்த ஜன்னல் அளந்தவராம், அதுவும் எங்களுக்காகத்தான். இவர் மனசு மாறுவார்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கையாம். வீடு நமக்குத்தான். கை குலுக்கியாச்சு, அண்ணி.

இவருக்கு இன்னும் சொல்லல. எழுந்து, எல்லாப் பெட்டியையும் வெயில்ல கார்ல ஏத்தி முடிக்கட்டும், அப்புறம் சொல்றேன். கீழறைக் கட்டிலை யாரும் நகர்த்த வேண்டாம். இங்க பின்பக்கம் ஒரு அறை சும்மா கிடக்கு. ஏழு படியையும் அந்த முழங்காலையும் வச்சுக்கிட்டு நீங்க மட்டும் தனியா அங்க என்ன பண்ணப்போறீங்க? வந்துடுங்க.

எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்குங்க. ரெண்டு வருஷமா கிறிஸ்துமஸ் வாழ்த்துல என் பேரைக்கூட இவர்தான் எழுதினார். இதை நானே எழுதினேன். கை இன்னும் வலிக்கல, தாள்தான் தீர்ந்துபோச்சு.