மோடா, மூடா?

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த ஆளைக் கண்டால் ஊரே அட்வைஸ் கொட்டும். நான் எதையும் காதில் வாங்காத ரகம். இன்றும் அப்படித்தான்.

தையல் காய்ந்ததுமே பெத்தாங்க் ஆடக் கிளம்பிவிட்டேன். (பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியில் விட்டுப்போன இரும்புக் குண்டு விளையாட்டு. சின்னக் கட்டை உருண்டைக்குப் பக்கத்தில் குண்டைப் போட வேண்டும். அவ்வளவுதான், ஆனால் சம்பந்தி உறவே முறியும்.) பேஸ்மேக்கர் இடது பக்கம் என்பதால், புதிதாக வாங்கிய செல்போனை வலது பக்கம் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். ஆட்டத்தை விடச் சொன்னாள் என் மனைவி ஃபிலோமின். அதற்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன்.

"சரி, குனியாம ஆடுங்க. ஒருவாட்டி நெஞ்சு படபடன்னு வந்துச்சோ, குண்டெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போயிடும்."

லாஸ்பேட்டைத் திடலில் இறுதி ஆட்டம். கையை ஓங்கும்போது நெஞ்சுக்குள் யாரோ மேளம் கொட்ட ஆரம்பித்தார்கள். பயமாக இருக்குமோ என்று பார்த்தேன். (எனக்கா?) வீம்புக்கு எறிந்தேன். குண்டு நடுவரின் செருப்பில் விழுந்தது. அப்படியே ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சட்டையைக் கழற்றி ஈசிஜி எடுத்தார்கள். ஒரு குறையும் இல்லை. ஜம்பமாகச் சட்டையைப் போட்டேன், மறுபடி மேளம். டாக்டரம்மா பட்டனை மட்டும் அவிழ்த்து இன்னொரு ஈசிஜி எடுத்தார்.

"பேஸ்மேக்கரோட மோடு மாறியிருக்கே."

"மூடுதானே?" என்றாள், சேதி கேட்டு ஓடி வந்திருந்த ஃபிலோமின். "கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான் டாக்டர்."

டாக்டரம்மா என் சட்டையின் இடது பாக்கெட்டில் கைவிட்டார். கயிறு வந்தது, கயிற்றோடு காந்தமும் வந்தது.

"இது இன்னாங்க?"

"குனியாம குண்டு தூக்குற காந்தம். குனியாதேன்னு இவதான் சொன்னா."

"மிஷினுக்கு மேலயே காந்தம் இருந்தா, அது உங்க நெஞ்சு சொல்றதக் கேக்காது. தன் பாட்டுக்கு அடிச்சிட்டே இருக்கும்."

"இவர மாதிரியே," என்றாள் ஃபிலோமின். "ஆட்டத்த நிறுத்தச் சொல்லுங்க டாக்டர்."

"தாராளமா ஆடட்டும். காந்தம் மட்டும் நெஞ்சுப் பக்கம் வரக் கூடாது."

வாழ்க்கையில் நான் கேட்ட ஒரே நல்ல அட்வைஸ் அதுதான். நான் வாயெல்லாம் பல்லாக நிற்க, ஃபிலோமின் காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லா ஆட்டத்துக்கும் கயிற்றோடு வருகிறாள். கோபமாக இருந்தால் என் குண்டு மண்ணிலேயே கிடக்கும். நானும் குனிய மாட்டேன்.

"காந்தம் அம்மா கைக்குப் போனதுலேர்ந்துதான் அப்பாவுக்கு ஒழுங்கா படபடங்குது," என்று விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள் மகள். நெஞ்சுதானே, அடித்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆட்டம் இருக்கிறது.