பெஞ்சில் உட்காராத கொம்பையா

ஒரு காட்டில், மார்கழி பிறந்தால் போதும், மேல்மலை ஏரி உறைந்து பாறை மாதிரி ஆகிவிடும். மற்ற காடுகளில் அந்தக் குளிருக்கு மிருகங்கள் பொந்துக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். இந்தக் காட்டில் மட்டும் ஆளுக்கொரு கழியைத் தூக்கிக்கொண்டு ஐஸ் ஹாக்கி ஆட இறங்கும். காய்ந்த யானைச் சாணியை வட்டமாகச் செதுக்கி, அதைத் தட்டித் தட்டி எதிராளியின் வலைக்குள் தள்ள வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். மீதியெல்லாம் அடிதடி.

அந்த ஆட்டத்தில் பதினொரு வருஷம் முன்வரிசையில் நின்றவர் கொம்பையா என்கிற வரையாடு. செங்குத்துப் பாறையில் வழுக்காத குளம்புக்குப் பனிக்கட்டி எம்மாத்திரம்? மொத்தம் இருநூற்றுப் பதினாலு கோல். அதைவிடப் பெரிய விசேஷம், தலையில் இரண்டு கொம்பை வைத்துக்கொண்டு அவர் ஒருத்தரையும் முட்டினதில்லை. முரட்டுத்தனமாக ஆடுகிறவர்களைத் தடவைக்கு இரண்டு நிமிஷம் உட்கார வைக்க ஏரிக்கரையில் ஒரு தண்டனைப் பெஞ்சு உண்டு. கொம்பையா ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை. "ஆடினா கொம்பையா மாதிரி ஆடணும்" என்று தாய்மார்கள் குட்டிகளுக்குச் சொல்வார்கள். குட்டிகளும் நன்றாகத் தலையாட்டிவிட்டு, கரடி மொக்கச்சாமி இன்றைக்கு யாரைத் தூக்கி அடிக்கிறான் என்று பார்க்க ஓடும்.

மொக்கச்சாமி எதிரணி. அவன் தூக்கி அடித்தது பெரும்பாலும் கொம்பையாவைத்தான். பதினோராவது வருஷம் கொம்பையாவின் இடது முழங்கால் போயிற்று. கழியைக் கீழே வைத்துவிட்டு ஓய்வுபெற்றார். எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள்.

முழங்கால் போனவருக்கு மழை ஆகாது. பாறை இடுக்கில் ஈரத்தில் படுத்தால் மறுநாள் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். ஓய்வுபெற்ற வீரர்களுக்குக் காட்டு அலுவலகம் ஒழுகாத குகை ஒதுக்குகிறது என்று யாரோ சொன்னார்கள். புரட்டாசிக் கடைசியில், மழைக்குப் பத்து நாள் இருக்கும்போது, கொம்பையா நொண்டி நொண்டி மலை இறங்கிப் போய் வரிசையில் நின்றார்.

கவுன்ட்டரில் இருந்தது தேவாங்கு பரிமளா. முகத்தில் பாதி கண்தான். இருந்தும் எதிரே நிற்பவரைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"பேரு?"

"கொம்பையா, மேடம். ஹாக்கி."

"ரெண்டு குகைதான் மிச்சம். முந்நூறு நிமிஷ சர்வீஸ் பதிவுல இருக்கணும்."

பக்கத்தில் அடுக்கியிருந்த மரப்பட்டைகளைப் புரட்டினாள். ஆட்டத்துக்கு ஆட்டம் மரங்கொத்தி கொத்தி வைத்த பதிவுகள் அவை.

"உங்க பேர்ல ஒண்ணும் காணோமே."

"பதினோரு வருஷம் ஆடியிருக்கேன் மேடம்."

"ஆடினதை யாரு எழுதுவா? பெஞ்சுல உட்கார்ந்ததைத்தான் எழுதுவாங்க. எப்ப உட்கார்ந்தாரு, எப்ப எழுந்தாருன்னு நேரம் பார்க்கணும்ல."

"இருநூத்திப் பதினாலு கோல் போட்டிருக்கேன்."

"கோல் போட்டா கத்துவாங்க. கத்தினது பட்டையில ஏறாது."

மூலையில் இருந்த மரங்கொத்தி தலையைச் சொறிந்தது. "நல்லா ஆடுனீங்கண்ணே. பார்த்துக்கிட்டே இருந்ததுல கொத்தணும்னே தோணல."

கொம்பையா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இதோ என் பேரு இருக்கே மேடம். இதுலயும் இருக்கு. பதினேழு இடத்துல இருக்கு."

பரிமளா பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். "'மொக்கச்சாமி, இரண்டு நிமிஷம். காரணம்: கொம்பையாவை முழங்காலில் அடித்தது.' இது மொக்கச்சாமி சாரோட சர்வீஸுங்க. நீங்க அதுல காரணம்."

"காரணத்துக்கு ஒண்ணும் கிடையாதா?"

"காரணத்துக்குத் தனியா படிவம் இல்ல. அடுத்து யாரு?"

அடுத்து நின்றது, அதே வருஷம் ஓய்வுபெற்ற மொக்கச்சாமியேதான். அவன் கணக்கில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு நிமிஷம். பரிமளா எழுந்து நின்று, நல்ல அகலமான குகை ஒன்றை அவன் பேருக்கு எழுதிக் கொடுத்தாள். அவன் கொம்பையாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது, பாவம்.

"நீங்க இல்லேன்னா எனக்கு ஏதுண்ணே குகை? மழை வந்தா தாராளமா வந்து வாசல்ல ஒதுங்கிக்கங்க. உள்ளதான் இடம் இறுக்கம். நான் புரண்டு படுக்கிற ஆளு."

கொம்பையா இரண்டடி பின்னால் போனார். தலையைத் தாழ்த்தினார். கவுன்ட்டர் பலகை இரண்டாகப் பிளந்தது.

யாரும் பதறவில்லை. பரிமளா அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவரை அந்தப் பெரிய கண்ணால் முழுசாகப் பார்த்தாள்.

"உட்காருங்க சார்," என்றாள் மரியாதையாக.

ஏரி உருகினபின் சும்மா கிடக்க வேண்டாமென்று அந்தத் தண்டனைப் பெஞ்சை அலுவலகத்தில்தான் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கொம்பையா உட்கார்ந்தார். மரங்கொத்தி உற்சாகமாகப் புதுப் பட்டை எடுத்துக் கொத்தியது: 'கொம்பையா, இரண்டு நிமிஷம். காரணம்: கவுன்ட்டர்.'

"நல்ல ஆரம்பம் சார்," என்றாள் பரிமளா. "இன்னும் இருநூத்தித் தொண்ணூத்தெட்டு நிமிஷம். இன்னொரு குகையைச் சனிக்கிழமை வரைக்கும் யாருக்கும் எழுத மாட்டேன்."

பெஞ்சு சுகமாகத்தான் இருந்தது. முழங்காலை நீட்டி வைக்க இடம் இருந்தது. பதினோரு வருஷமாக இதையா வேண்டாமென்று ஓடிக்கொண்டிருந்தோம் என்று கொம்பையா நினைத்துக்கொண்டார். இரண்டு நிமிஷம் முடிந்ததும் எழுந்து, நேராக மொக்கச்சாமியிடம் போனார்.

"தம்பி, கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பி நில்லு."

"எதுக்குண்ணே?"

"முழங்கால் தெரியணும்."

நீதி: நல்லவராக வாழுங்கள், தப்பில்லை. ஆனால் நடுவில் ஒரு தடவையாவது யாரையாவது முட்டி, அதற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.