நாலு காலும் ஒரு புதுமையும்

எனக்கு இரண்டு கால்களும் பிறந்த நாளிலிருந்தே நன்றாகத்தான் இருக்கின்றன. இதைக் குருநகரில் எத்தனையோ பேரிடம் சொல்லி அலுத்துவிட்டேன். (ஒருவரும் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.) இப்போது சொல்வதையும் நிறுத்திவிட்டேன்.

நான் நீர்வேலி வாழைத்தோட்டத்துச் சைவப் பிள்ளை. என் மனைவி றீற்றா குருநகர்க் கடற்கரையில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். கலியாணம் முடிந்து மூன்று வருடமாகியும் மாமி என்னோடு நேரே கதைத்ததில்லை. "அவருக்கு இன்னும் சோறு வேணுமோ எண்டு கேள்" என்று, எதிரே சாப்பாட்டுக் கோப்பையோடு இருக்கும் என்னைப் பற்றி மகளிடம் விசாரிப்பார். அது எனக்கு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருடம் பாலைதீவு அந்தோனியார் திருநாளுக்குக் குடும்பமாகப் போவதென்று முடிவானது. அது ஆளில்லாத தீவு. படகில் போய், தறப்பாளால் கூடாரம் கட்டித்தான் தங்க வேண்டும். மாமிக்கோ வெயில் பட்டால் தலைச்சுற்று. மாமியின் மனதில் இடம்பிடிக்க இதை விட்டால் வேறு தருணம் வராது என்று பட்டது. "நிழலுக்கு நான் பொறுப்பு" என்றேன். றீற்றாவின் தம்பி சூசை கடலோடி. "ரெண்டு கம்பு காணும் அத்தான், நான் கொண்டு வாறன்" என்றான். நான் கேட்கவில்லை.

பழைய சாமான் கடையொன்றில் நாலு ஊன்றுகோல்கள் கிடந்தன. அக்குளில் வைத்து நடக்கிற அலுமினியச் சாமான். உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் துளைகள், அடியில் றப்பர். வாழைக்குலைக்கு முட்டுக் கொடுத்துப் பழகியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? கழற்றிப் போட்டிருந்த அன்ரெனாக் குழாயை மேலே குறுக்கே விட்டேன். உடைந்த குடைகளின் கம்பிகளை வளைத்து முளைகள் செய்தேன். நீர்வேலிச் செம்மண்ணில் கட்டிப் பார்த்தபோது கூடாரம் அசையவே இல்லை. சுற்றிவந்து மூன்று முறை உதைத்தும் பார்த்தேன். தீவில் இருப்பது மணல் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

படகில் ஏறியதும் மாமி மகளிடம், "உது காத்துக்கு நிக்குமோ எண்டு கேள்" என்றார்.

"யானை சாய்ஞ்சாலும் நிக்கும் எண்டு சொல்லும்" என்றேன் றீற்றாவிடம்.

பத்து நிமிடத்தில் கடல் என் வயிற்றைக் கலக்கிவிட்டது. ஊன்றுகோல்களைக் கட்டிப்பிடித்தபடி வெளிறிப்போய்க் கிடந்த என்னைப் பக்கத்திலிருந்த ஓர் அம்மா இரக்கத்தோடு பார்த்தார்.

"உது என்ன தம்பி, காலுக்கோ?"

"ஓம் அம்மா, காலுக்குத்தான்."

நான் சொன்னது கூடாரத்துக் காலை. அவரோ உடனே மற்றவர்களை ஒதுக்கி, நான் கால் நீட்ட இடம் எடுத்துத் தந்தார். நானும் நீட்டினேன். தீவில் இறங்கும்போது தலை சுற்றியதால் ஒரு ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டே இறங்கினேன். (மடையன்! வேறு என்ன சொல்ல?)

கோயிலுக்கு எதிரே கூடாரத்தைக் கட்டி மாமியை உள்ளே இருத்தினேன். மாமி மேலே பார்த்தார். முகத்தில் சின்னத் திருப்தி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போது பார்த்துக் காற்று வந்தது. குடைக்கம்பிகள் மணலிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பின. சாய்ந்த ஊன்றுகோல் ஒன்றை அக்குளில் முட்டுக் கொடுத்து நிறுத்தப் பார்த்தேன். அதற்குள் குழாய் மாமியின் மடியில் விழுந்தது. தறப்பாள் கோயில் பக்கம் பறந்தது, அதில் கட்டியிருந்த இன்னொரு ஊன்றுகோலும் இழுபட்டுப் போனது.

"ஐயோ, என்ரை கால்! என்ரை கால்!" என்று கத்திக்கொண்டு, அக்குளில் இருந்ததை எறிந்துவிட்டு ஓடினேன்.

கோயில் வாசலில் அந்தப் படகு அம்மா நின்றார். "அந்தோனியாரே! நடக்க ஏலாமல் வந்த பிள்ளை ஓடுது! புதுமை!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். (அற்புதத்தைக் கத்தோலிக்கர் புதுமை என்பார்கள்.)

சனம் சூழ்ந்துவிட்டது. ஒருவர் என் முழங்காலைத் தடவினார். "இல்லை ஐயா, இது கூடாரத்தின்ரை கால்" என்று மூச்சு வாங்கச் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. நாலு ஊன்றுகோல்களையும் பொறுக்கி வந்து அந்தோனியார் சொரூபத்தின் காலடியில் காணிக்கையாக வைத்துவிட்டார்கள். கண்ணீரோடு நிற்கும் மனிதர்களிடம், அதை நிழலுக்குத் தாருங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? மாமி, மீட்டு வந்த தறப்பாளைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் இருந்தார். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கியது. அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கும் குருநகரில் முன்பின் தெரியாதவர்கள், "கால் எப்பிடித் தம்பி?" என்று கேட்கிறார்கள். "சுகம்" என்கிறேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை. வீட்டில்தான் இன்னும் மோசம். ஒரு ஆணி அடிக்க நான் கதிரையில் ஏறினாலே போதும். மாமி மகளைக் கூப்பிடுவதில்லை, என்னை நேரே பார்த்தே சொல்கிறார்:

"தம்பி, கால் சுகமாயிட்டுது. இனிப் புத்திக்கும் ஒரு நேர்த்திக்கடன் வைப்பம்."