பெல்ஜியம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பார்த்த நாடு

ஒரு நாட்டில் பதினோரு நாள் தங்கிவிட்டு, அந்த நாட்டின் ஒரு தெருவைக்கூடக் கண்ணால் பார்க்காமல் வெளியேறிய ஒரே மனிதர் இந்தப் பூமியில் பெல்ஜியம் அண்ணன்தான். வேறு யாராவது இருப்பதாக நீங்கள் சத்தியம் செய்தாலும் நான் நம்பமாட்டேன்.

தொண்ணூறுகளில் ஆக்லாந்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பயணிகளுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடம் ஒன்றில் நானும் அவரும் வேலை பார்த்தோம். நான் தட்டில் பன் வைப்பேன். பக்கத்தில் நின்று அவர் வெண்ணெய் வைப்பார். நான் திருநெல்வேலி, அவர் யாழ்ப்பாணம். போதாக்குறைக்கு, ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் அவர் வீட்டுப் பின் அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். ஆகவே எனக்கு வேலையிலும் பெல்ஜியம், வீட்டிலும் பெல்ஜியம்.

விஷயம் இதுதான். எண்பதுகளில் சண்டைக்குத் தப்பி ஊரைவிட்டுக் கிளம்பியவரை, கனடாவுக்கு என்று சொல்லி ஏஜென்ட் ஏற்றிவிட்டான். வழியில் ஜன்னல் இல்லாத ஒரு வேனில் அடைத்து, ஏதோ ஒரு வீட்டின் கீழ்த்தள அறையில் இறக்கினார்கள். "இது பெல்ஜியம், மூச்சுக் காட்டாதே" என்று சொன்னதோடு சரி. தினமும் காலையில் யாரோ கதவை இரண்டு முறை தட்டிவிட்டு, ஒரு கோப்பை சூப்பை வெளியே வைத்துவிட்டுப் போவார்கள். நடையையும் இருமலையும் வைத்து அது ஒரு வயதான பெண் என்று அண்ணன் முடிவு செய்திருந்தார். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்த அன்று, சூப்போடு ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் இருந்ததாம். பன்னிரண்டாம் நாள் மறுபடி வேன். அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லக்கூட விடவில்லை. எங்கெங்கோ இழுபட்டுக் கடைசியில் ஆக்லாந்து வந்து சேர்ந்தார்.

"அந்த மனுசிக்கு முன்னால நிண்டு ஒரு வார்த்தை சொல்லவேணும் தம்பி. அதைச் சொல்லாமல் எனக்குச் சாக ஏலாது."

"எந்த ஊருண்ணே அது?"

"அது தெரிஞ்சால் நான் ஏன் உன்னோட கதைச்சுக்கொண்டு நிக்கிறன்? சின்ன நாடு. எங்கட நாட்டில பாதிதான். சுற்றுலாப் போறமாதிரி ஒரு கிழமை, ஏழு நாள் போனால் பிடிச்சிடலாம்."

அவரிடம் மூன்று துப்புகள் இருந்தன. கால் மணிக்கொரு தரம் ஒரு கோபுர மணி பாட்டுப் பாடும். பின்னேரமானால் உருளைக்கிழங்கு பொரிக்கும் வாசனை வரும். தலைக்கு மேலே புறாக்கள் முனகும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, கண்ணில் படும் வெள்ளைக்காரரை எல்லாம் மறித்து விசாரிப்பார். விமானம் ஏறப் போகிற விமானியைக்கூட விடவில்லை.

ஒருநாள் டெய்ரி என்று இங்கே சொல்லும் எங்கள் தெருமுனைச் சில்லறைக் கடையில் பால் வாங்க வந்த ஒரு கிழவர் அசல் பெல்ஜியக்காரர் என்று தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வீட்டுக்குக் கூட்டிவந்து, வடை கொடுத்து, துப்புகளைச் சொன்னார் அண்ணன். கிழவர் வடையைக் கடித்துக்கொண்டே சொன்னார்: பாடும் மணி இல்லாத ஊரே அங்கே கிடையாது. கிழங்கு பொரிக்காத தெரு கிடையாது. புறா வளர்க்காத சந்து கிடையாது. அதோடு விட்டாரா? வடக்கே ஒரு மொழி, தெற்கே ஒரு மொழி, கிழக்கு மூலையில் மூன்றாவது மொழி, தலைநகரம் தனிக் கணக்கு, ஒரு பக்கம் கடற்கரை, மறுபக்கம் காட்டு மலை என்று விரித்துக்கொண்டே போனார். நான் வரைபடத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, கடைசியில் நாடே காணாமல் போய்விட்டது.

"இவ்வளவு சின்ன நாட்டுக்குள்ள இவ்வளவு நாடு ஏன் தம்பி?" என்றார் அண்ணன். எங்களைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

அண்ணன் அசரவில்லை. "நான் அந்த நாட்டைக் காதாலயும் மூக்காலயும்தானே பார்த்தனான்? அப்பிடியே தேடவேணும்" என்று பயிற்சியில் இறங்கினார். த்ரீ கிங்ஸிலிருந்து நகர மையத்துக்குப் போகும் பஸ்ஸில் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்காருவார். எங்கே போகிறோம் என்று அவர் சொல்ல வேண்டும். சரியா தவறா என்று நான் சொல்ல வேண்டும்.

"இப்ப மீன் பொரிக்கிற கடையடி."

"இல்லண்ணே, முன் சீட்டுக்காரர் பொட்டலத்தப் பிரிச்சிருக்காரு."

"இப்ப தேவாலயம். மணி கேட்குது."

"யாரோ இறங்கறதுக்குப் பெல் அடிக்கிறாங்கண்ணே."

அவருக்குக் கண்ணாக இருந்து சொல்லிச் சொல்லி நான் இறங்கும் இடத்தை விட்டுவிடுவேன். எத்தனையோ நாள் கடைசி நிறுத்தத்தில் டிரைவர்தான் எங்களை இறக்கிவிட்டிருக்கிறார்.

ஒருவழியாகக் குடியுரிமை வந்தது, பாஸ்போர்ட் வந்தது. அண்ணனும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் பெல்ஜியம் போனார்கள். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து ஆல்பத்தை என் மடியில் வைத்தார்கள். முதல் படத்தில் ஒரு பெரிய சதுக்கம். அக்கா பட்டுச்சேலையில் சிரிக்கிறார். அண்ணன் கண்ணை மூடியிருக்கிறார். அடுத்தது கடற்கரை. அங்கேயும் மூடியிருக்கிறார். காட்டு மலையில் மூக்கு மட்டும் வானத்தைப் பார்க்கிறது. கேமராதான் கோளாறு என்று நினைத்தேன்.

"கேமரா இல்லை, இவர்தான் கோளாறு" என்றார் அக்கா. "போன ஊரெல்லாம் இதுதான் இடம் எண்டு துள்ளுவார். வடக்கில ஒரு வீடு, கடற்கரையில ஒரு வீடு, மலையில ஒரு வீடு. எல்லாக் கதவையும் தட்டிக் கைகூப்பிக்கொண்டு நிண்டவர். ஒருத்தன் இவர் புறா வாங்க வந்திருக்கிறார் எண்டு நினைச்சு, ஒரு மணித்தியாலம் புறாவெல்லாம் காட்டினவன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "கடைசில வீட்டக் கண்டுபிடிச்சீங்களாண்ணே?"

"இல்லைத் தம்பி."

கிழக்கு மூலையில் ஒரு சின்ன ஊரில் கடைசியாக ஒரு கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தது ஒரு வயதான பெண். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவர். அண்ணன் முழுக் கதையையும் சொல்ல, வாசலில் நின்றே கேட்டிருக்கிறார்.

"நான் இல்லை எண்டு சொல்லிப்போட்டா. அவவின்ர வீட்டில கீழ்த்தளமே இல்லை. நான் திரும்பி நடக்கத் தொடங்கிட்டன். கூப்பிட்டு, உள்ள வந்து இருங்கோ, அவவுக்குச் சொல்ல வைச்சிருந்ததை எனக்குச் சொல்லுங்கோ எண்டா. சொன்னன். இத்தனை வருசமா வைச்சிருந்ததெல்லாம் தமிழிலயே வந்திட்டுது."

"அவங்களுக்கு என்னண்ணே புரிஞ்சிருக்கும்?"

"ஒண்டும் விளங்கியிராது. ஆனால் முடியும்வரைக்கும் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ."

சிரிப்பதற்கு நான் தயாராக வைத்திருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. இப்படி ஒரு மனிதரை இத்தனை காலம் பஸ்ஸில் வைத்துக் கேலி செய்தோமே என்று வெட்கமாக இருந்தது.

பெல்ஜியத்தில் எத்தனை பிரதேசம், எங்கே எந்த மொழி என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை குழப்பம்தான். நான் அங்கே போனதும் இல்லை. ஆனால் யாராவது அந்த நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசினால், எனக்கு உடனே கோபம் வந்துவிடுகிறது.